நாலாம் மாடிப் பலகை

எங்கள் பங்குக் கோயில் திருவிழா மலருக்கு அருள்மலரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி, மலர் வேலையைப் பார்க்கிற றூபினி போனில் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இருபத்தொரு வருடமாக ஹவுன்ஸ்லோவில் இருக்கிறேன். ஞாயிறு தவறாமல் பூசையில் வாசகம் வாசிக்கிறேன். மன்னாரில் ஆறு வருடம் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். என்னைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அருள்மலரைப் பற்றி எழுத வேண்டுமாம். அதையும் நானே எழுத வேண்டுமாம். ஏனென்றால் எனக்குத்தான் எழுத்து வருமாம்.

ஆகையால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிற மேரிசாந்திக்கு அருள்மலர் மேல் பொறாமை. தலையான பாவங்கள் ஏழில் ‘காய்மகாரம்’ என்று ஒன்று வரும். ஞானோபதேச வகுப்பில் அதை ஏதோ மரக்கறிச் சங்கதி என்று நினைத்து ஒப்புவித்திருக்கிறேன். அது வயிற்றில் இருக்கிற சங்கதி என்று லண்டனுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அருள்மலர் மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரி. தகப்பன் பஸ்தியாம்பிள்ளை கடலுக்குப் போகிறவர். எட்டாம் வகுப்புச் சோதனைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது குடும்பத்தோடு வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போய் இறங்கினாள். மண்டபம் முகாமில் வளர்ந்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி, கலியாணம் கட்டி, புருஷனுக்குப் பின்னால் இங்கே வந்து சேர்ந்தாள். அவர் ஹீத்ரோவில் சாமான் ஏற்றுகிறார். இவ்வளவும் அவள் வாயால் கேட்டவை. கேட்காமலே சொல்லுவாள், அதுவும் ரயிலில் மூன்று பெட்டிக்குக் கேட்கும்படியாக.

நாங்கள் இருவரும் ஹோல்பனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் கிளீனிங் வேலை. விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்தால் ஆறரை ஷிப்டுக்கு நிற்கலாம். எனக்கு மூன்றாம் மாடி. அவளுக்கு நாலாம் மாடி. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் சேர்ந்த முதல் நாளே, எந்தப் போத்தலை எதற்குப் பாவிப்பது என்று தெரியாமல் ஒரு தரையை வெளிற வைத்துவிட்டாள். அப்போதிருந்த சுப்பவைசர் எல்லாருக்கும் முன்னால் அவளைப் பார்த்துக் கத்தினான். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நான் அவனிடம் ஒரே ஒரு வசனம் சொன்னேன். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று அன்று முழுக்க வருந்தினேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒருவருடைய துணையும் தேவைப்படவில்லை. ஒருமுறை லிப்ட் பழுதாகி மூன்று கிழமை கிடந்தது. நான் இரண்டு ஈமெயில் அனுப்பினேன். இலக்கணப் பிழை இல்லாத ஈமெயில்கள். பதில் இல்லை. அருள்மலர் தூசு உறிஞ்சுகிற ஹூவரைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். கல்லூரித் தலைவரின் கதவைத் தட்டினாள். ஹூவரை அவருடைய கம்பளத்தில் வைத்து, ‘யூ கேரி’ என்றாள். அந்த மனிதர் உண்மையிலேயே தூக்கிப் பார்த்தார். மறுநாள் லிப்ட் ஓடியது. கட்டடம் முழுக்க அவளைக் கண்டால் சிரித்துக் கையசைத்தது. என் ஈமெயில்களைப் பற்றி இன்றுவரை ஒருவரும் பேசவில்லை.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் ஆங்கிலம் இருந்தது. ஆனால் வெள்ளைக்காரர் முன்னால் நின்றால் தொண்டை அடைத்துவிடும். அவளிடம் ஆங்கிலம் இல்லை. இருந்தது வெறும் தொண்டை மட்டும். ஆனால் எல்லாரும் நின்று கேட்டது அவளைத்தான். படித்தவளுக்கு வராத துணிச்சலை ஆண்டவர் எட்டாம் வகுப்புக்காரிக்குக் கொடுத்துவிட்டாரே என்று பூசை நேரத்தில்கூட நினைத்திருக்கிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் அவள் ஆங்கிலமும் படிக்கத் தொடங்கினாள். வகுப்புக்குப் போய் அல்ல. நாலாம் மாடியில் ஓர் அறையின் பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. வியாழன் மாலை வகுப்புக்கென்று ஒதுக்கிய பலகை. மூலையில் சிவப்பு மையில் ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதியிருக்கும். கிழமைக்குக் கிழமை அதில் சொற்கள் கூடிக்கொண்டே போயின. வெள்ளிக் காலைகளில் அருள்மலர் மேசைகளைத் துடைத்துவிட்டு, ஒரு நீலக் கொப்பியில் அவற்றைப் பார்த்து எழுதினாள். சொல்லுக்கு எதிரே பலகையில் இருந்த அர்த்தத்தைப் போனில் போட்டுத் தமிழில் பக்கத்தில் குறித்தாள்.

ஒருநாள் தேநீர் நேரத்தில் அந்தக் கொப்பியை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, இதுகளை ஒருக்காப் பாருங்கோவன். சரியோ எண்டு சொன்னால் காணும்.”

நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பலகையில் புரொபசர் எழுதியது பிழையாக இருக்குமா, நான் யார் அதைத் திருத்த என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அடக்கமாகச் சொன்னது போலத்தான் இருந்திருக்கும். உண்மையில் என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு பொருளையும் அவள் எடுக்க வருகிறாள் என்று நெஞ்சு காந்தியது. அவளோ ‘சரி அக்கா’ என்று கொப்பியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

கார்த்திகையில் காலை ஷிப்டுக்குச் சுப்பவைசர் வேலை வந்தது. எனக்கு அது வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது, மிகவும் வேண்டும். இந்த நாட்டில் ஒரு தடவையாவது மொப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் தூக்க வேண்டும் என்று இருந்தது. விண்ணப்பத்தோடு கூட வேலை செய்கிற ஒருவர் நம்மைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்பது கம்பனியின் சட்டம். எனக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. அருள்மலர்தான் தானாக வந்து எழுதுகிறேன் என்றாள். நான் எழுதித் தருகிறேன், நீ கையெழுத்து மட்டும் வை என்று சொல்லிப் பார்த்தேன்.

“இல்லை அக்கா, நானே எழுதுறன். உங்களுக்கு நான் எழுதாமல் வேற ஆர் எழுதுறது?”

இரண்டு நாள் ரயிலில் அந்த நீலக் கொப்பியை மடியில் விரித்து, நாக்கை வெளியே நீட்டி எழுதினாள். காட்டச் சொன்னதற்கு, காட்டினால் பலிக்காது என்றாள். பிறகு உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

எனக்கு நேர்முகத்துக்கே அழைப்பு வரவில்லை. வேலை பக்கத்துக் கட்டடத்துப் பெண் ஒருத்திக்குப் போனது. எங்கள் மேனேஜர் நிர்மலா கோயம்புத்தூர்க்காரி, நல்ல பெண். ஏன் என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு ஒரு தாளை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“நான் இதைக் காட்டக் கூடாதுங்க. ஆனா உங்களைச் சுத்தி யாரு எப்படின்னு உங்களுக்குத் தெரியணும்ல.”

பெரிய பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. மேரிசாந்தி மிகவும் மூடி. இந்தக் கட்டடத்தில் அவளைப் போல மூடி ஒருவரும் இல்லை. அவள் ஸ்டவுட். அவள் ப்ரவுட். முதல் நாளிலிருந்தே நான் அறிவேன்.

ஆங்கிலம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூடி என்றால் நம் பானை மூடி அல்ல. சிடுமூஞ்சி, நேரத்துக்கு ஒரு முகம் காட்டுகிறவள். ஸ்டவுட் என்றால் உடம்பு தடித்தவள். ப்ரவுட் என்றால் தலைக்கனம் பிடித்தவள். தாளின் கீழே இதயம் மாதிரி ஒரு படம் வேறு.

அன்று ரயிலில் அவள் என்ன ஆச்சு அக்கா என்று கேட்டாள். கிடைக்கவில்லை என்றேன். அவளுடைய கண் கலங்கியது. என்ன நடிப்பு என்று நினைத்தேன். ஹோல்பனிலிருந்து ஹவுன்ஸ்லோ வரை அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவளை மனத்துக்குள் தள்ளிவிட்டேன்.

அடுத்து வந்த வெள்ளி காலை ஆறு இருபதுக்கு, அவள் கீழே ஏப்ரன் கட்டிக்கொண்டிருக்கும்போது, நான் நாலாம் மாடிக்குப் போனேன். அந்த அறைக்குள் நுழைந்து பக்கச் சுவர்ப் பலகையை அழித்தேன். சிவப்பு மையில் இருந்த ‘அழிக்க வேண்டாம்’ என்பதைத்தான் முதலில் அழித்தேன். மற்ற எதையும் வாசிக்கவில்லை. அவளுடைய பலகை என்பதால் வாசிக்கப் பிடிக்கவில்லை. ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் நான். ஒரு வரி வாசித்திருந்தாலும் கை நின்றிருக்கும். ஸ்பிரே அடித்து, மஞ்சள் துணியால் ஓரம் வரை துடைத்துவிட்டுக் கீழே வந்து அவளுக்குக் காலை வணக்கம் சொன்னேன்.

பலகை யாருக்கு என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அது அருள்மலருக்கல்ல, ஒரு லெக்சரருக்குச் சொந்தம் என்பது மதியம்தான் உறைத்தது. ஐந்து கிழமையாக அவரும் மாணவர்களும் சேர்த்த பட்டியல். அன்று வந்து படம் எடுக்கலாம் என்று விட்டிருந்தாராம். நாலாம் மாடி அருள்மலருடையது. அவளைத் தவிர அங்கே போக வேறு யாருக்கும் வேலையில்லை. திங்கட்கிழமை விசாரணை. கடும் எச்சரிக்கை அல்லது வேலை நீக்கம் என்று அவளுக்குக் கடிதம் வந்தது. கூட ஒருவரை அழைத்து வரலாம் என்றும் அதில் இருந்தது.

“நீங்கள் வாங்கோ அக்கா. நீங்கள் பக்கத்தில இருந்தால் எனக்குப் பயமில்லை.”

கெடுவான் கேடு நினைப்பான் என்பதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அவள் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

நிர்மலாவின் சிறிய அறை. எதிரே அந்த லெக்சரர், வயதான வெள்ளைக்காரப் பெண், சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். கோபமாக இருக்கவில்லை, களைத்திருந்தார். நிர்மலா குற்றத்தை வாசித்தாள். அருள்மலர் தான் அழிக்கவில்லை என்றாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து அந்த நீலக் கொப்பியை எடுத்து லெக்சரருக்கு முன்னால் வைத்தாள். ‘ஐ நோ வைப். ஐ ரைட்’ என்றாள், துடைக்கவில்லை, எழுதினேன் என்ற அர்த்தத்தில்.

லெக்சரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார். கடைசிக் கிழமையின் சொற்களைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. அவருடைய கை வாய்க்குப் போனது. இந்தச் சொற்கள் எதைப் பற்றியவை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தைரியமானவர்களைச் சொல்கிற சொற்கள் என்றாள் அருள்மலர். ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் இருக்கிற இந்த எண்கள் என்ன, 1205, 1300, 1340 என்று கேட்டார். அருள்மலர் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அது க்ளாஸ் டைம் தானே அக்கா. எங்கட ஷிப்ட் ரோட்டாவில போடுற மாதிரி. ஒரு மணிக்கு இந்தச் சொல், ஒண்டு நாற்பதுக்கு அந்தச் சொல்.”

நான் மொழிபெயர்த்தேன். லெக்சரர் ஹெல்மெட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அவை மணி அல்ல, ஆண்டுகள். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் இந்த நாட்டில் ஒருவனைத் துணிந்தவன் என்று சொல்ல இருந்த சொற்கள் அவை. ‘ஓர்ப்பெட்’ என்றால் வீரன். அந்தச் சொல் செத்துப்போய்விட்டது, இப்போது ஒருவருக்கும் தெரியாது. ‘கீன்’ என்றால் போர்க்களத்தில் அஞ்சாதவன். இப்போது ஓவர்டைம் கேட்கிறவனைச் சொல்கிறோம். ‘கரேஜ்’ என்பதே முதலில் நெஞ்சுக்குப் பெயர். ஸ்டவுட் என்றால் அஞ்சாதவன், தடித்தவன் என்ற பொருள் பிறகு வந்தது. ப்ரவுட் என்றாலும் வீரம்தான். மூடி என்றால் மனத்திடம் உள்ளவன், துணிந்தவன். கொஞ்சம் கொஞ்சமாக அது கர்வக்காரன் ஆகி, கோபக்காரன் ஆகி, இன்று சிடுமூஞ்சியாக வந்து நிற்கிறது.

நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூடி என்ற இடத்தில் நிர்மலா காட்டிய அந்தத் தாள் கண்முன் வந்தது.

அருள்மலருக்கு இதில் ஒன்றும் புதுமையாகத் தெரியவில்லை. எங்களிடமும் அப்படித்தானே, நெஞ்சு என்றால் தைரியம், நெஞ்சழுத்தம் என்றால் ஏச்சு, ஸ்டவுட் எங்கட தடிப்பு மாதிரி, உடம்புக்கும் சொல்லலாம், திமிருக்கும் சொல்லலாம் என்றாள். லெக்சரர் அதை அவளுடைய கொப்பியிலேயே குறித்துக்கொண்டார். துணிந்தவர்களின் சொற்கள் எல்லாம் ஏன் இப்படிக் கெட்டுப்போயின என்று நிர்மலா கேட்டாள். அதற்குப் பல காரணம் இருக்கும் என்றார் அவர். எனக்கு ஒரு காரணம் உடனே தெரிந்தது. எண்ணூறு வருடத்துக்கு முன்னாலும் மேரிசாந்திகள் இருந்திருக்கிறார்கள். துணிந்தவர்களைப் பார்த்து வயிறெரிந்து, அவர்களுடைய நல்ல பெயரைக் கெட்ட பெயராக்கியது அவர்கள்தான்.

கொப்பி என் கைக்கு வந்தது. நான் திறந்து பார்க்க மறுத்த அதே கொப்பி. சொல், அதன் எண், தமிழ் அர்த்தம், அர்த்தம் மறக்காமலிருக்க அவளுக்குத் தெரிந்த ஓர் ஆளின் பெயர் என்று கோடு போட்டிருந்தாள். ஓர்ப்பெட்டுக்குப் பக்கத்தில் ‘அப்பா, புயலுக்குள்ள வள்ளம்’ என்று இருந்தது. மூடிக்குப் பக்கத்தில் அவளுடைய கோணல் எழுத்தில் இப்படி இருந்தது:

‘துணிஞ்சவ. கை நடுங்க நடுங்க எனக்காகக் கதைச்சவ. மேரிசாந்தி அக்கா.’

அந்த முதல் நாள். அந்த ஒரே ஒரு வசனம். நான் வெட்கப்பட்டு மறந்துவிட்ட நடுக்கத்தை அவள் ஒன்பது வருடம் துணிச்சல் என்று கணக்கில் வைத்திருந்தாள். நிர்மலாவும் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. மேசையில் இருந்த தாள்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பலகையை அழித்தது நான் என்று, மூன்று சொல்லில் முடிகிற வசனம். இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் சொல்லத் தெரியும். கொப்பியை மடித்து அருள்மலரிடம் திருப்பிக் கொடுத்தேன். லெக்சரர் வருத்தப்படவில்லை என்பதால் வேலை போகாது, ஆனால் பலகை அழிந்தது அழிந்ததுதான், ஆறு மாத எச்சரிக்கைக் கடிதம் அருள்மலரின் கோப்பில் இருக்கும் என்றாள் நிர்மலா. அருள்மலர் நன்றி சொன்னாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, நீங்கள் இருந்தபடியால்தான் தப்பினேன் என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். லெக்சரர் அவளைத் தன் வகுப்புக்கு அழைத்துத் தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார். அவள் ஏப்ரனோடு போய் நின்று தடிப்புக்கும் நெஞ்சழுத்தத்துக்கும் விளக்கம் சொன்ன படத்தை நம் பங்கு வாட்சப்பில் எல்லாரும் பார்த்தீர்கள். அதனால்தான் றூபினி என்னைக் கேட்டாள். அந்தப் படத்தைப் பார்த்தபோதும் எனக்கு எரிந்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் எரிந்தது. காய்மகாரம் காரணம் கேட்டு வருவதில்லை.

பாவசங்கீர்த்தனத்தில், பலகையை அழித்ததைப் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அருள்மலரிடமும் சொல்லச் சொன்னார். மந்திரத்தை அன்றே சொல்லி முடித்தேன். மற்றது இரண்டு மாதமாகக் கிடக்கிறது. இதற்கிடையே பக்கத்துக் கட்டடத்துப் பெண் வேலையை விட்டுவிட்டாள். சுப்பவைசர் இடம் மறுபடியும் காலி. கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறவர்கள் விண்ணப்பிக்க ஏலாது. நிர்மலா இந்தமுறை என்னை வலிய வந்து விண்ணப்பிக்கச் சொன்னாள். நேற்று அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். விண்ணப்பம் அல்ல. நாலாம் மாடிப் பலகையை ஆறு இருபதுக்கு யார் அழித்தது என்று, ஆங்கிலத்தில், ஏழு வரி. அருள்மலரின் கோப்பிலிருந்து அந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து என்னுடையதில் போடும்படி கேட்டிருக்கிறேன். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தால் எனக்கு வயிறு எரியத்தான் போகிறது. எரியட்டும்.

அருள்மலரிடம் இன்னும் சொல்லவில்லை. வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். திருவிழா மலர் ஞாயிற்றுக்கிழமை கைக்கு வரும். தமிழில் எது கிடைத்தாலும் அதை ரயிலில் வாய்விட்டு வாசிப்பது அவளுடைய பழக்கம். திங்கள் காலை, முதல் ரயிலில், என் பக்கத்தில் இருந்து இதையும் வாசிப்பாள். அப்பாவின் பெயர் வருகிற இடத்தில் குரல் உயரும். லிப்ட் கதையில் சிரிப்பாள். ஹேமர்ஸ்மித் தாண்டும்போது, ஆறு இருபதுக்கு நான் பலகையை அழித்த வரிக்கு வந்து சேருவாள்.

கை நடுங்கும். ஆனாலும் நான் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போகமாட்டேன்.